கோட்டில் ஒரு வாசல்

அருங்காட்சியகத்தில் பழுது பார்க்கும் தூரிகை ஒன்று இருந்தது. அதற்கு இடைவெளி என்றாலே ஆகாது.

ஒருநாள் அமெரிக்கப் பழங்குடியினரான பியூப்லோ மக்கள் வனைந்த பழைய மண்ஜாடி ஒன்று மேசைக்கு வந்தது. அதன் கழுத்தைச் சுற்றி ஓடிய கறுப்புக் கோடு, ஓரிடத்தில் விரலகலம் விட்டுப்போயிருந்தது.

“உன்னை வனைஞ்சவ தூங்கி வழிஞ்சாளா? ஒரே இழுப்புல சேர்த்துடுறேன்” என்றது தூரிகை.

“ஐயோ, வேணாம்! அது வாசல். என் மூச்சு போய்வரணும்னு அவ வேணும்னே விட்டது” என்று பதறியது ஜாடி.

“நூறு வருஷமா கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்தியே, யார் வந்தா, யார் போனா?”

தூரிகை மையில் தோய்ந்துகொண்டு கிட்டே வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஜாடியின் ஊர்க்காரி ஒருத்தி அதைப் பார்க்க வந்திருந்தாள். கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவள், இடைவெளி வந்ததும் சிரித்துவிட்டாள். குனிந்து, அங்கே வாயை வைத்துத் தன் பாஷையில் கேட்டாள்:

“அத்தை, நல்லா இருக்கியா?”

ஜாடியின் வயிற்றுக்குள்ளிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் எழுந்தது.

தூரிகை சத்தமில்லாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் இறங்கி, ஒரு சொட்டு மை மிச்சமில்லாமல் தன்னைக் கழுவிக்கொண்டது.