கீழ் ஹோஸின் ஸ்பிரிங்

"வண்டி மலையே ஏறிடுச்சு, பொட்டு ஆவி வரலையே! ரேடியேட்டர் கீழ் ஹோஸை எந்த ஒர்க்‌ஷாப்ல மாத்தினீங்க?" பழைய பிரிட்டிஷ் காரின் பானட்டுக்குள் தலையை விட்டபடி நண்பர் கேட்டார்.

"வெளியாள் கையே படல. நம்ம வீட்டு வேலை!" கணவர் மீசையை முறுக்கினார்.

பக்கத்தில் நின்ற மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பழைய ஹோஸோடு கணவர் குப்பையில் போட்ட ஸ்பிரிங்கை, அவர் மதியம் தூங்கியபோது புது ஹோஸுக்குள் நுழைத்து மாட்டியவள் அவள்தான். அது இல்லாவிட்டால் ஹோஸ் சப்பையாகி, தண்ணீர் ஓட்டம் அடைபட்டு இன்ஜின் கொதித்திருக்கும். சொன்னால் மனுஷர் முகம் வாடிவிடுமே!

"ஹோஸை இறுக்குற கிளாம்ப் திருகை நான் கீழ்ப்பக்கமா வெச்சேன். இப்ப மேல்பக்கம் இருக்கு," என்றபடி அவள் தோளைத் தட்டினார் கணவர். "மெக்கானிக் இவதான் சார்! ஏம்மா, அடுத்த தடவை நான் தூங்கட்டும்னு காத்திருக்காம, என்னையும் கூட சேர்த்துக்கிறியா?"