நிறுத்தினால் பேச வேண்டும்

அக்காவின் கணவர், என் அத்தான், ஒரு படத்தையும் உட்கார்ந்து பார்த்தவரில்லை. காலில் சக்கரம் கட்டிய மனிதர். நாற்பதுகளில் வந்த பிரிட்டிஷ் கறுப்பு வெள்ளைப் படங்கள் என்றால் உயிர். நானும் அக்காவும் சோபாவில் இருப்போம்; அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் முதுகுப் பக்கம் நடைபோடுவார். திடீரென்று, "நிறுத்து" என்பார். நிறுத்தினால் பேச வேண்டும், அது வீட்டுச் சட்டம். விளக்கு வெளிச்சத்துக்கும் கதாநாயகியின் மௌனத்துக்கும்கூட சண்டை பிடித்திருக்கிறோம்.

அவர் தவறிய பிறகு இன்று மதியம்தான் மறுபடி ஒரு படம் போட்டோம். ரயில் நிலையக் காட்சி வந்ததும் அக்கா பழக்கதோஷத்தில் நிறுத்தினாள். தூரத்தில் வரும் ரயிலின் புகை அப்படியே நின்றது. போர்ட்டர் தூக்கிய பெட்டி அந்தரத்தில் நின்றது. பிளாட்பாரத்தின் கோடியில் தொப்பி போட்ட ஒருவர் மட்டும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடந்துகொண்டே இருந்தார்.

"பாத்தியா, அங்க போயும் உக்கார மாட்டேங்கறார்" என்றாள் அக்கா.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஓட விடுக்கா" என்று ரிமோட்டுக்குக் கை நீட்டினேன்.

அவள் அதை மடியில் இறுக்கிக்கொண்டாள். "ஓட விட்டா ரயில் வந்துடும்டி. ஏறிடுவார்."

அவர் நின்று எங்களைப் பார்த்தார்.

"ஏதாவது பேசுடி. நிறுத்திட்டு சும்மா இருந்தா அவருக்குப் பிடிக்காது."

தொப்பி அவ்வளவு பொருத்தமாக இல்லை என்று சொல்லிவைத்தேன். அவர் மறுபடி நடக்கத் தொடங்கினார். காலடிச் சத்தம் சோபாவுக்குப் பின்னாலிருந்து வந்தது.