பழைய விலைச் செம்பு

அவள் ஐந்தரைக்கு எழுந்தாள். பால் காய்ச்சினாள், துணியை ஊற வைத்தாள், வாசல் விளக்கை அணைத்தாள். பேனா எழுதுகிறதா என்று பழைய தாளில் கிறுக்கிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். இன்று கடையில் தன் பாதிப் பங்கைக் கொழுந்தனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

செம்புக் கம்பி விற்கும் கடை. அவள் கணவனும் அவன் தம்பியும் சரிபாதி. கணவன் இறந்து ஏழு மாதமாகிறது. வாடகைக் கட்டடம், சொத்து என்று இருப்பது குடோனில் உள்ள சரக்குதான்.

"வாங்க அண்ணி, உட்காருங்க" என்று கொழுந்தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பத்தாம் வகுப்பிலிருந்து அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அவன் சொல்லும் தொகைக்குக் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிப்பது என்றுதான் வந்திருந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த கடை ஆடிட்டர் கணக்கு நோட்டைத் திறந்தார். "குடோன்ல அஞ்சு டன் இருக்கும்மா. மூணு விதமா மதிப்புப் போடலாம். முதல்ல வாங்கினது முதல்ல வித்துப்போச்சுன்னு வச்சா, மிச்சம் புது விலைச் சரக்கு. அறுபது லட்சம். சராசரி பார்த்தா அம்பது. கடைசியா வாங்கினதுதான் முதல்ல வித்துதுன்னு வச்சா, மிச்சம் பழைய விலைச் சரக்கு. நாற்பது."

"நாற்பதுதான் போட்டிருக்கேன்" என்றான் கொழுந்தன்.

"உங்க அண்ணன் எப்பவும் முதல் கணக்குதானே எழுதுவார்?" என்று கேட்டாள் அவள்.

"அண்ணன் காலம் வேற அண்ணி."

"உள்ள கிடக்கிறது பூரா போன மாசம் வந்த சுருள். நான் கண்ணால பார்த்தேன்."

"கண்ணு வேற, கணக்கு வேற." அவன் சிரித்தான். "அண்ணனோட இன்சூரன்ஸ் பணம் முப்பது லட்சம் பேங்க்ல தூங்குது. இந்த இருபதையும் அது பக்கத்துல படுக்க வைங்க. உங்களுக்கு எதுக்கு இந்த அழுக்கு வியாபாரம்?"

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

பழைய விலைச் சரக்கு. அந்த முதல் லாரியை இறக்க அவளுடைய வளையல்கள்தான் அடகுக்குப் போயின. "சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன் அண்ணி" என்று அன்று இவன் அழுதான். மறக்கவில்லைதான்; அன்றைய விலையைப் பைசா சுத்தமாக ஞாபகம் வைத்திருக்கிறான்.

அவளுக்கு அழுகை வரவில்லை.

"எனக்கு மட்டும்தான் இந்த விலையா தம்பி?"

"சேச்சே. ரெண்டு பேருக்கும் ஒரே தராசு. நான் கையெழுத்தே போட்டாச்சு, பாருங்க."

ஆடிட்டர் அண்ணன் தம்பி போட்ட கூட்டு ஒப்பந்தத்தைப் புரட்டினார். "பிரியும்போது மதிப்பைச் சொல்றது ஒருத்தர், அந்த மதிப்புக்கு வாங்கறதா விக்கறதான்னு முடிவைச் சொல்றது மத்தவர்னு எழுதியிருக்கும்மா. அவர் சொல்லிட்டார், இனிமே மாத்த முடியாது. நீங்கதான் சொல்லணும்."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அவன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்து சொன்னாள்.

"இருபதுக்கு உன் பாதியை நான் எடுத்துக்கறேன் தம்பி, சாவியை வச்சிட்டுப் போ."