காற்றுச் சான்றிதழ்

புது வீட்டுக் கூடத்தில், வெறுந்தரையில் அந்த மனிதர் மல்லாந்து கிடந்தார். அசைவே இல்லை. வீட்டுக்காரரான பஸ் ஓட்டுநர் பதறிப்போய்க் குனிந்து, அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்.

மூச்சு வந்தது. கூடவே நல்ல கனமான குறட்டையும் வந்தது.

"சார்... சார்! மணி அஞ்சாச்சு. சோதனை முடிஞ்சுதா?"

காற்றுத்தர அதிகாரி கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று புரியவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தலைமாட்டில் இருந்த மீட்டரை எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ம்ஹும், தேறலை. அந்த மர அலமாரிதான் காரணம்னு தோணுது. பசை நெடி இருக்கும். எடுத்துடுங்க, அடுத்த வியாழக்கிழமை மறுபடி பார்ப்போம்."

"பசையா? அது எங்க கல்யாணத்துக்கு வாங்கினது சார்! போன வாரம் வந்தவர் திரைச்சீலைன்னாரு, கழட்டிட்டேன். அதுக்கு முந்தின வாரம் வந்தவர் நாற்காலின்னாரு, தூக்கிட்டேன். அதனாலதான் நீங்க தரையில படுக்க வேண்டியதாப் போச்சு."

"யார் படுத்தா? தரை மட்டத்துல காத்து எப்படி இருக்குன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார் அதிகாரி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு.

ஓட்டுநர் கோபத்தை விழுங்கிக்கொண்டார். இருபத்தைந்து வருஷம் டீசல் புகையோடு குடித்தனம் நடத்தியவருக்கு இதுவும் விழுங்கத் தெரியாதா என்ன?

அவர் கவலையெல்லாம் மனைவியைப் பற்றித்தான். அவளுக்கு வீசிங். இப்போது இருக்கும் வாடகை அறைக்கு நேர் கீழே மரச்சாமான் பாலிஷ் போடும் பட்டறை. அந்த நெடியில் படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறாள்.

அவளுக்காகவே பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு இது. சூளைப் பக்கமே போகாத, மண்ணை அழுத்திச் செய்த கல். உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. மேலே மூங்கில் கூரை. பெயிண்ட், பிளைவுட் எதையும் அவர் வாசற்படி தாண்டவிடவில்லை. ஆனால் புது மாதிரி வீடு என்பதால், காற்றுச் சான்றிதழ் கிடைக்காமல் குடிபோகக் கூடாதாம். அது மட்டும் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் எந்த அதிகாரியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

"ஒருவேளை ஏதாவது எதிர்பார்க்கறாங்களோ?" என்று மனைவி கேட்டாள்.

"நீ வேற! ஒரு டீ குடுத்தாக்கூட வேணாங்கறாங்க. அடுப்பைப் பத்த வச்சா காத்து கெட்டுடுமாம்."

அடுத்த வியாழக்கிழமை அதிகாரியாக ஓர் அம்மா வந்தார். வாசலில் நின்று இருமிய இருமலில் ஓட்டுநர் தண்ணீர் எடுக்க ஓடினார். சொம்போடு திரும்பி வருவதற்குள், உள்ளே போயிருந்த அந்த அம்மா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். இருமலைக் காணோம்.

"எட்டு மணி நேரம் ஆகும். யாரும் உள்ள வராதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஓட்டுநர் நாள் முழுக்கத் தெருவில் நின்று வெயிலில் காய்ந்தார்.

சாயங்காலம் கதவு திறந்தது. அந்த அம்மாவின் கன்னத்தில், தலைக்கு வைத்த கையின் விரல்கள் பதிந்த தடம் இருந்தது. "இன்னும் சரியாகலைங்க" என்றார். "எனக்கென்னவோ உங்க மேலதான் சந்தேகம். ஒரு வாரம் நீங்க வீட்டுக்குள்ளயே போகாம இருந்து பாருங்க."

சொந்த வீட்டுக் காற்றை, கட்டியவனே கெடுக்கிறானாம்! ஓட்டுநருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு நேராகக் காற்றுத்தர ஆபீசுக்கே போனார்.

போன மாதம்தான் திறந்த கட்டடம், பளபளவென்று இருந்தது. கதவைத் தள்ளியதுமே பெயிண்ட் நெடி கண்ணைக் கரித்தது. திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல்கள், புத்தம்புது கார்ப்பெட், பிளைவுட் தடுப்புகள். மேலதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார்.

"நாலு வாரம், நாலு பேர் சார்!" ஓட்டுநர் மேசையில் கையை ஊன்றினார். "நாற்காலி போச்சு, அலமாரி போச்சு, இப்ப என்னையே போகச் சொல்றாங்க. அங்க எம் பொண்டாட்டி மூச்சு முட்டிக் கஷ்டப்படறா. என் வீட்டுல அப்படி என்னதான் விஷம் இருக்கு? இன்னைக்குத் தெரிஞ்சாகணும்!"

மேலதிகாரி இருமிக்கொண்டே ஒரு கோப்பைத் தேடி எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். நாலு வாரத்து அறிக்கைகள், நாலு கையெழுத்துகள். நாலிலும் ஒரே வரிதான் இருந்தது: 'குறை ஏதும் இல்லை.'

ஓட்டுநர் முதல் அறிக்கையின் தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். "முதல் வாரமே பாஸா?"

"பாஸாவது! இவ்வளவு சுத்தமான வீட்டை என் சர்வீஸ்ல பார்த்ததில்லைன்னு நாலு பேருமே சொன்னாங்க."

கோப்பின் அடியில் சான்றிதழ் தயாராக இருந்தது. முத்திரைகூடக் குத்தியாகிவிட்டது. மேலதிகாரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

ஓட்டுநர் தன் பேனாவையே திறந்து நீட்டினார். "அப்ப கையெழுத்துப் போட வேண்டியதுதானே சார்?"

மேலதிகாரி கலங்கிச் சிவந்த கண்களைத் துடைத்துக்கொண்டு, கெஞ்சாத குறையாக அவரைப் பார்த்தார்.

"எப்படிங்க போடறது? இன்னும் என் முறை வரலையே!"