தீப்பெட்டிக்குள் பதினேழு பேர்

தன் தீப்பெட்டிக்குள் பதினேழு பேர் காவல் இருப்பதாக மாரிசெல்வி சொன்னதைச் சிவகாசியே நம்பியது. போன வருஷம் பட்டாசு ஆலை வெடித்தபோது, அவள் வேலை பார்த்த அறையில் உயிரோடு வெளியே வந்தவள் அவள் ஒருத்திதான். அவளை அடித்துத் துரத்திய புருஷன் முனியராஜ் மட்டும் நம்பவில்லை.

பெட்டிக்குள் இருந்தது, அவன் அவளை நெருங்கக் கூடாது என்ற கோர்ட் உத்தரவு. நாலு பக்கத் தாள் வியர்வையில் நைந்துபோகிறதென்று, இப்போது தீப்பெட்டி லேபிள் அளவில் அட்டையாகத் தருகிறார்கள். அதைப் போனில் ஸ்கேன் செய்தால் உத்தரவு உண்மை என்று வரும்; இதுவரை எத்தனை பேர் சரிபார்த்தார்கள் என்றும் வரும். அவள் அட்டையை ஸ்கேன் செய்தது ஸ்டேஷன் ஏட்டம்மா வீரலட்சுமி மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு தடவை. பதினேழு என்று காட்டியது.

அந்த எண்ணிக்கை முனியராஜ் காதுக்கும் போனது. அவள் குடித்த டீ கிளாஸைக் கழுவியவனிடமே சண்டைக்குப் போன ஆள் அவன். ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் அவளை வழிமறித்தான்.

"யாருடி அந்தப் பதினேழு ஆம்பளைக?"

"ஆம்பளைகன்னு யாரு சொன்னா?" என்று அவள் தீப்பெட்டியைத் திறந்தாள்.

அவன் கையை ஓங்கினான்.

மறுநாள் காலை அவனே ஸ்டேஷனுக்கு வந்து நின்றான்.

"ஸ்டாப்புல எங்க ரெண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கா இல்ல ஏட்டம்மா. ஆனா ஓங்குன கைய மேலயே பிடிச்சுக்கிட்டாக. பூராவும் வளையல் போட்ட கை, பட்டாசு மருந்து வாடை. எண்ணிப் பாத்தேன். அவ சொன்னது சரிதான், பதினேழு."