குழந்தை இயேசுவுக்கு ஒரு குடை

லொங்குய் நகரில் அந்தி மங்குகிறது, தூறல் ஓயவில்லை. நாளை ஜெசிக்காவின் திருமண விருந்து வீட்டுப் பின்வளவுப் பந்தலிலேயே நடைபெற வேண்டும். அடுத்த வீட்டு ஐரிஷ் அம்மையார் மோரா, தம்முடைய குழந்தை இயேசுவின் சுரூபத்தை வேலிச்செடியடியில் வைத்துவிட்டு இப்பொழுதுதான் திரும்பியிருக்கிறார். திருமணத்துக்கு முந்திய நாள் அதனை வெளியே வைத்தால் மறுநாள் வெயில் எறிக்கும் என்பது அவர்கள் நாட்டு நம்பிக்கை. பொன்முடியிலிருந்து வழியும் நீர், சுரூபத்தின் சிவந்த கன்னத்தில் தயங்கி, சமையலறை வெளிச்சத்தில் மின்னுகிறது. மணமகளின் தாய் சிசிலிக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சாருங்கோ, ஆண்டவரை மழைக்கை விட்டிட்டு நாங்கள் உள்ளுக்கை இருந்து தேத்தண்ணி குடிக்கிறதோ?" பந்தற் கயிற்றை இறுக்கிவிட்டு வந்த கணவர் றெனோல்ட், தேநீரை ஊதிக்கொண்டே சிரிக்கிறார். "நனைஞ்சால்தானே அவருக்கும் எங்கடை கஷ்டம் விளங்கும். பேசாமல் விடும்." "தடிமன் பிடிச்சால் நீங்களே பாக்கிறது?" சிசிலி கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு புல்லில் இறங்கிச் சுரூபத்திற்குப் பிடிக்கிறார். அயல்வீட்டுச் சன்னல் திறக்கிறது. மோரா ஆங்கிலத்தில் கேட்கிறார்: "குடை பிடித்தால் மழை பெய்வது அவருக்கு எப்படித் தெரியும், சிசிலி?" சிசிலி நனைந்த பந்தலைப் பார்க்கிறார், சேலைத் தலைப்பால் அந்தக் கன்னத்தைத் துடைக்கிறார். பின்பு, ஆசீர்வதிக்க உயர்ந்திருக்கும் அச்சிறு கையில் மட்டும் தூறல் விழுமாறு, குடையைச் சற்றே சாய்க்கிறார்.