மகன் சிங்களத்தில் சொன்னது

"இதக் கொண்டக்டரிட்டக் குடுங்க. பொலன்னறுவைக்கு ஒரு டிக்கெட்."

வல்லிபுரம் காசை நீட்டியது, பக்கத்தில் இருந்த ஆயிஷா உம்மாவிடம். கொண்டக்டரோ அவருடைய முழங்காலில் இடித்துக்கொண்டு நின்றான்.

"இந்தா முன்னுக்கு நிக்காரே சேர், நீங்களே குடுங்களன்" என்றாள் ஆயிஷா உம்மா. பொலன்னறுவைச் சந்தையில் சிங்களச் சனத்துக்குப் புடவை விற்கிறவள். சற்று முன்தான் ஓட்டமாவடியில் ஏறியிருந்தாள்.

"எனக்கு அந்த ஆளத் தெரியாது."

கொண்டக்டரும் சளைக்கவில்லை. "உம்மா, மிச்சக்காசு பிறகு தாறனெண்டு ஐயாட்டச் சொல்லுங்க" என்றுவிட்டு முன்னால் நகர்ந்தான்.

அந்தத் தெரியாத ஆள், ஓய்வுபெற்ற வாத்தியார் வல்லிபுரத்தின் ஒரே மகன் மூர்த்தி. சாதாரணதரச் சோதனையில் அவன் எல்லாப் பாடங்களிலும் சிறப்புச் சித்தி எடுத்தபோது, சித்தாண்டி ஊர் முழுக்கக் கற்கண்டு கொடுத்தவர் அவர். கம்பஸ் படிப்பு, அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம், பிறகு கலியாணம் என்று மகனுக்குப் பாதை போட்டு வைத்திருந்தார். அவன் உயர்தர வகுப்பில் ஒரு மாதம் இருந்து பார்த்தான். "வகுப்புக்குள்ள மூச்சு முட்டுது அப்பா" என்று சொல்லிவிட்டு, பஸ் மிதிபலகையில் தொங்கப் போய்விட்டான். அன்றைக்கு நின்ற பேச்சு.

இன்றைக்கும் அரசாங்க பஸ் வராததால்தான் வல்லிபுரம் இதில் ஏறியிருந்தார். பொலன்னறுவையில் பஸ் மாறி, கண்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பயணம். பேரனுக்குப் புவியியல் படிப்பிக்கவென்று, பழைய இலங்கை வரைபடம் ஒன்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்திருந்தார்.

காட்டு வழியில் இருந்த சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி வரிசையில் நடந்தார்கள். பையைக் கிளறிய ஆமிக்காரன் வரைபடத்தை விரித்தான். தலைகீழாகப் பிடித்திருந்தான்.

வல்லிபுரத்தால் பொறுக்க முடியவில்லை. அதைப் பறித்து, நேராகத் திருப்பி அவன் கையில் கொடுத்தார். "வடக்கு எப்பவும் மேல" என்று ஆங்கிலத்தில் கண்டித்தார்.

ஆமிக்காரன் வரைபடத்தில் இருந்த சிவப்பு வட்டங்களைத் தொட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். எல்லாம் குளங்கள். நேற்று இரவு அவரே பென்சிலால் போட்டவை. நெடுநாளைக்குப் பிறகு ஒருவன் கேள்வி கேட்கிறான் என்றதும் வாத்தியாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார். "நாம இப்ப நிக்கிற இடம் இதுதான்" என்று, சாவடி இருந்த இடத்தில் இன்னொரு வட்டம் போட்டுக் காட்டினார்.

ஆமிக்காரன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினான். மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒபிசர் ஒருவர் எழுந்து வந்தார். வல்லிபுரத்தைத் தனியே நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர்களில் சிலர் ஊர் திரும்பியதே இல்லை.

மூர்த்தி ஓடி வந்தான். ஒபிசருக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு சிங்களத்தில் பேசினான். நிறுத்தாமல், குரல் தழுதழுக்கப் பேசினான். எந்தப் பள்ளிக்கூடமும் படிப்பிக்காத சிங்களம். பஸ்ஸில் தொங்கித் தொங்கிப் படித்தது.

ஒபிசர் வல்லிபுரத்தை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய முகம் இளகியது. வரைபடத்தைத் தானே சுருட்டி மூர்த்தியிடம் கொடுத்தார். வல்லிபுரத்தின் கையிலிருந்த கூர்ப் பென்சிலை மெல்ல வாங்கி, அதையும் மூர்த்தியிடமே கொடுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு டொபி மிட்டாயை எடுத்து வல்லிபுரத்துக்குக் கொடுத்து, கையைப் பிடித்துப் பஸ் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆமிக்காரர்கள் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள்.

பஸ் புறப்பட்டதும் வல்லிபுரம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தீங்களா? அவ்வளவு பெரிய ஒபிசர் கையப் பிடிச்சுக் கூட்டி வாறான். ஒரு சொல் சொன்னதுதான், எல்லாரும் விலகிட்டாங்க. என்ட மகன் அவன்!"

"தெரியாத ஆளெண்டீங்க?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்ன. அவன் எதையும் யோசிச்சுத்தான் செய்வான். கம்பஸுக்குப் போயிருந்தா இந்தச் சிங்களம் வந்திருக்குமோ? எனக்கு அப்பவே தெரியும்."

ஆயிஷா உம்மா முக்காட்டு நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. பாவம், அவளுக்கும் மனம் நெகிழ்ந்துவிட்டது என்று வல்லிபுரம் நினைத்தார்.

"மனே, இஞ்ச வா" என்று கூப்பிட்டார்.

மூர்த்தி நம்ப முடியாமல் திரும்பிப் பார்த்தான். அவனுடைய கண் நிறைந்துவிட்டது. கிட்ட வந்து நின்றான்.

"சாப்பிட்டயா? நல்லா மெலிஞ்சு போனாய். நான் கண்டியால வந்தோடன வீட்ட வா, அம்மா உன்னத்தான் நினைச்சுக்கிட்டு இரிக்கா."

"ஓம் அப்பா. வாறன்."

"அது சரி, அந்த ஒபிசரிட்ட என்னப்பத்தி என்ன சொன்ன? எல்லாரும் கேக்கச் சொல்லு."

"அது... விடுங்க அப்பா. டிக்கெட் போடணும்."

"வெக்கப்படாத மனே. ஊருக்கே அறிவு குடுத்த பெரிய மனுசனெண்டு சொன்னயா?"

பஸ் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. ஆயிஷா உம்மாவுக்குப் புரையேறியது. மூர்த்தி ஓர் அடி பின்னால் நகர்ந்து, இறங்கும் வாசல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"கோவிக்கப்படா அப்பா. உங்களுக்குப் பைத்தியம், ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போறனெண்டு சொன்னன்."